முப்பத்தைந்தாவது பிறந்தநாள்

எங்கள் ஊரில் முப்பத்தைந்து வயது எப்போது ஆகும் என்று ஏங்குகிற பெண்கள் உண்டு என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அவர்களுக்குச் சொந்தமாக ஒரு குளியலறை இருக்கிறது.

விஷயம் இதுதான். சம்பளம் போதாமல் தனியார் வீட்டில் வாடகைக்கு இருப்பவர்களுக்குக் ஊரை நிர்வகிக்கும் கவுன்சில் வாடகை உதவி கொடுக்கும். ஆனால் தனி ஆளாக இருந்து, வயதும் முப்பத்தைந்துக்குக் கீழே என்றால், நாலு பேர் சேர்ந்து வாழும் வீட்டில் ஒரு அறைக்கு என்ன வாடகையோ அதை மட்டும்தான் கொடுக்கும். முப்பத்தைந்து ஆகிவிட்டால், பிறந்தநாளுக்கு அடுத்த திங்கட்கிழமை முதல் நம்மை மனுஷியாக மதித்து, தனிக் கதவும் தனிச் சமையலறையும் உள்ள ஃப்ளாட்டுக்கான வாடகை கிடைக்கும். முன்பெல்லாம் இந்த எல்லை இருபத்தைந்தாக இருந்தது. லண்டனில் உட்கார்ந்து யாரோ ஒரு புண்ணியவான் அதில் பத்தைக் கூட்டினான். அப்போது எனக்கு முப்பத்துமூன்று. நான் இருந்த ஃப்ளாட்டைக் காலி செய்துவிட்டு, கடற்கரைத் தெருவில் பழைய தங்கும் விடுதியை உடைத்து அறை அறையாக வாடகைக்கு விட்ட வீட்டில், இரண்டாம் மாடிக்கு வந்து சேர்ந்தேன்.

இது ஸாண்ட்ஹோம், இங்கிலாந்தில் ஒரு கடற்கரை ஊர். கோடையில் நாலு பேர் வருவார்கள், மற்ற நாளெல்லாம் காற்று மட்டும்தான் வரும். நான் ஒரு பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாடு பரிமாறுகிறேன். வாரத்துக்குப் பதினைந்து மணி நேர வேலை. மீதி நேரமெல்லாம் மற்றவர்களோடு சமையலறைக்காகவும் ஷவருக்காகவும் சண்டை.

அந்த வீட்டில் குளிக்கப் போனால் மூன்றாவது நிமிஷம் கதவைத் தட்டுவார்கள். தட்டாத நாளே கிடையாது. தலையில் ஷாம்பூ நுரையோடு "இதோ வந்துட்டேன்" என்று இரண்டு வருஷம் கத்தியிருக்கிறேன். என் ஆசை ஒன்றே ஒன்று. தொட்டி நிறைய வெந்நீர் நிரப்பி, அது ஆறிப்போகும் வரைக்கும் படுத்திருக்க வேண்டும். யாரும் கதவைத் தட்டக் கூடாது.

அப்படி ஒரு தொட்டி எங்கே இருக்கிறது என்றும் எனக்குத் தெரியும். தெருமுனையில் மூடிக்கிடந்த கம்பளி நூல் கடைக்கு மேலே, வில்ஃப் என்ற கிழவர் இருந்த ஃப்ளாட்டில். ஒருமுறை அவருடைய மளிகைப் பையைத் தூக்கிக்கொண்டு மேலே போனேன். நீளமான வெள்ளைத் தொட்டி, அதன் பக்கத்தில் ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே கடல். தொட்டியின் விளிம்பைத் தொட்டுப் பார்த்தேன். கிழவர் பார்த்துவிட்டார்.

"புது வருஷம் பொறந்ததும் நான் மக வீட்டுக்குப் போயிடுவேன், கண்ணு. வேணும்னா என்ட்விசில் அம்மாகிட்ட இப்பவே ஒரு வார்த்தை போட்டு வை" என்றார்.

மிஸஸ் என்ட்விசில்தான் அந்த இடத்துக்குச் சொந்தக்காரி. பேப்பர் கடை ஜன்னலில் ஒட்டியிருக்கும் வாடகை அட்டைகளில் பாதிக்கு மேல் 'உதவித்தொகை வாங்குபவர்கள் வேண்டாம்' என்று எழுதியிருக்கும். நாயைக் கூடச் சேர்த்துக்கொள்வார்கள், எங்களைச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். மிஸஸ் என்ட்விசில் ஒருத்திதான் அப்படி எழுதாதவள். எனக்கு ஜனவரி ஒன்பதாம் தேதி முப்பத்தைந்து ஆகும். கிழவர் புது வருஷத்தில் போகிறார். கணக்கு கச்சிதமாக இருந்தது. கச்சிதமாக இருந்ததால் எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

கொரீனிடம் சொன்னேன்.

கொரீன் எனக்கு எதிர் அறைக்காரி. கோடைக்கு வருகிறவர்கள் தங்கும் கேரவன் விடுதியில் படுக்கை விரிக்கிற வேலை. ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரைக்கும் நல்ல சம்பளம், வாடகையைத் தானே கொடுத்துவிடுவாள், கவுன்சில் பக்கம் தலை வைத்ததே கிடையாது. சிவந்த தலைமயிர். சிரித்தால் படிக்கட்டு வரைக்கும் கேட்கும். அவள் ஃபிரிட்ஜில் என் அடுக்கிலிருந்து பாலை எடுப்பாள், நான் கோபப்படுவதற்குள் எனக்கே ஒரு டீ போட்டுக் கொண்டுவந்து நீட்டுவாள். அவளிடம் கோபத்தைக் கூட ஒழுங்காகப் படமுடியாது. அதுவே எனக்குப் பெரிய கோபம்.

அந்தக் கோடையில் ஒரு சாயங்காலம் இருவரும் வாசற்படியில் உட்கார்ந்து, வினிகர் ஊற்றிய சிப்ஸை ஒரே பொட்டலத்திலிருந்து தின்றுகொண்டிருந்தோம். நான் வில்ஃப் வீட்டுத் தொட்டியைப் பற்றிச் சொன்னேன், ஜன்னலைச் சொன்னேன், மிஸஸ் என்ட்விசிலைச் சொன்னேன், ஜனவரி ஒன்பதையும் சொன்னேன்.

"உனக்கென்னடி, இன்னும் அஞ்சு மாசம்தான். எனக்கு எத்தனை வருஷம் கெடக்கு" என்றாள்.

"உனக்கு என்ன வயசு?"

அக்கம்பக்கம் பார்த்தாள். "உன்கிட்ட மட்டும் நெசத்தைச் சொல்றேன். வர்ற நவம்பர்ல முப்பத்தொண்ணு. யார்கிட்டயும் மூச்சு விட்டுடாதே. ஆம்பளைங்களுக்கு நான் ஒவ்வொருத்தனுக்கும் ஒவ்வொண்ணு சொல்லி வச்சிருக்கேன்."

எனக்குப் பெருமையாக இருந்தது. ஊருக்கெல்லாம் பொய் சொல்பவள் எனக்கு மட்டும் உண்மையைச் சொல்கிறாள் என்றால் யாருக்குத்தான் பெருமையாக இருக்காது. முப்பத்தொன்று என்பதால் அவள் எனக்குப் போட்டியும் இல்லை. அதனால் மனம் விட்டுப் பேசினேன். எந்த நேரத்தில் போனால் மிஸஸ் என்ட்விசில் நல்ல மூடில் இருப்பாள், அவளுக்கு எந்த பிஸ்கட் பிடிக்கும் என்பது வரைக்கும் நானே சொல்லிக் கொடுத்தேன்.

அக்டோபர் கடைசியில் கேரவன் விடுதி மூடியது. கொரீனுக்கு வேலை போனது. நவம்பர் முதல் வாரத்தில் வில்ஃபின் மகள் காரோடு வந்து நின்றாள். அறை தயாராகிவிட்டதாம், இப்போதே வா என்று கிழவரை ஏற்றிக்கொண்டு போய்விட்டாள். புது வருஷத்துக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே என் தொட்டி காலி.

ஓடினேன். மிஸஸ் என்ட்விசில் கதவைத் திறந்து, "ஜனவரி வரைக்கும் சும்மா பூட்டிப் போட்டுட்டு நான் என்னத்தைத் திங்கிறது, கண்ணு? இப்ப யார் வர முடியுமோ அவங்களுக்குத்தான்" என்றாள். அதற்கு மறுநாள் செவ்வாய்க்கிழமை கொரீனின் பிறந்தநாள்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். பதினெட்டு, இருபத்தொன்று, முப்பது எதையும் நாங்கள் கொண்டாட மாட்டோம். முப்பத்தைந்து ஆனவருக்கு மட்டும் கேக், அதன் மேல் வயதுக்குத் தக்க மெழுகுவத்தி, தலையில் கிறிஸ்துமஸ் காகிதக் கிரீடம். விடுதலை ஆகிறவர் இல்லையா. கீழ் அறையில் இருந்த ஹெதருக்கு அப்படித்தான் செய்து அனுப்பினோம். அன்று காலை நான் சமையலறைக்குள் போனபோது, கொரீன் காகிதக் கிரீடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு தானே செய்த ஜாம் கேக்கை வெட்டிக்கொண்டிருந்தாள். மாடி அறை டெஸ்மண்ட் வாய் நிறையக் கேக்கோடு நின்றான். டாக்சி கம்பெனியில் ஃபோன் எடுப்பவன், முப்பத்துமூன்று வயது.

"என்ன விளையாட்டு இது?" என்றேன்.

"விளையாட்டு இல்லடி. முப்பத்தஞ்சு" என்றாள் கொரீன். முகம் சிவந்துவிட்டது. "உன்கிட்டயும் கொஞ்சம் குறைச்சுத்தான் சொன்னேன். பழக்கதோஷம். கோச்சுக்காதே."

டெஸ்மண்ட் சிரித்தான். "கொஞ்சமா? தாயே, என்கிட்ட எவ்வளவு குறைச்சே, நினைப்பு இருக்கா? இருபத்தொம்பது! நானும் சின்னப் பொண்ணாச்சேன்னு உனக்குக் குப்பைப் பையெல்லாம் தூக்கிப் போட்டுட்டு இருந்தேன்!"

நான் சிரிக்கவில்லை. கொரீன் கேக்கை என்னிடம் நீட்டிக்கொண்டே சொன்னாள். "லோர்னா, வில்ஃப் இருந்த ஃப்ளாட்டை நேத்துப் போய்க் கேட்டேன். வேலை போயிடுச்சே, கவுன்சில்லயும் மனு போட்டுட்டேன். உனக்கு ஜனவரி வரைக்கும் முடியாதுன்னு அந்தம்மாவே சொன்னாங்க. எப்படியும் வேற எவளாவது எடுத்துடுவா. அதான். நீ வந்து எப்ப வேணா அந்தத் தொட்டியில குளிச்சுக்கலாம், சரியா?"

குளிச்சுக்கலாமாம். என் தொட்டியில், எனக்கு அனுமதி கொடுக்கிறாள். சிவந்த மயிர் அவளுக்கு, சிரிப்பு அவளுக்கு, ஆம்பளைகள் அவளுக்கு. இப்போது வயதும் அவளுக்கு! ஆம்பளைகளுக்காக நாலு வயதைக் கழித்தாள், ஃப்ளாட்டுக்காக அந்த நாலையும் திரும்ப ஒட்டவைத்துக்கொண்டாள். நானோ ஒருநாள் கூடக் கூட்டாமல் குறைக்காமல் முப்பத்துநாலோடு நிற்கிறேன். இரண்டு மாதம், வெறும் இரண்டு மாதம்.

கேக்கைத் தின்றேன். ருசியாகத்தான் இருந்தது. அதுவும் எரிச்சலாக இருந்தது.

அடுத்த மூன்று நாள் நான் அந்த ஃப்ளாட்டின் எதிரே போகாமல் பள்ளிக்கூடத்துக்குச் சுற்றுவழியில் போனேன். வீட்டில் அவள் அட்டைப்பெட்டிகளை அடுக்குகிற சத்தம் கேட்கும்போதெல்லாம் ரேடியோவைப் பெரிதாக வைத்தேன். அவள் ஜன்னலுக்குத் திரை எடுத்து வந்து காட்டினாள். மஞ்சள் பூப் போட்ட திரை. "இந்த நிறம் நல்லா இருக்கா?" என்று கேட்டாள். நல்லா இருக்கு என்றேன். நான் மனதில் வைத்திருந்தது நீலம்.

நாலாம் நாள் நூலகத்துக்குப் போனேன். அங்கே கம்ப்யூட்டரில், கவுன்சிலை ஏமாற்றி உதவி வாங்குபவர்களைப் பற்றித் தகவல் கொடுக்க ஒரு படிவம் உண்டு. நம் பெயரைச் சொல்ல வேண்டாம். பக்கத்தில் ஒருவர் குறுக்கெழுத்துக்கு விடை தேடிக்கொண்டிருந்தார். நான் கொரீனின் பெயரையும் எங்கள் வீட்டு விலாசத்தையும் அடித்தேன். 'என்ன தவறு நடக்கிறது?' என்று படிவம் கேட்டது. தன் வயதைக் கூட்டிச் சொல்லி உதவி கேட்கிறாள், உண்மையான வயது முப்பத்தொன்று என்று அடித்தேன். 'உங்களுக்கு எப்படித் தெரியும்?' என்று கேட்டது. அவளே சொன்னாள் என்று அடித்தேன்.

அதில் ஒரு வார்த்தை கூடப் பொய் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவளே சொன்னாள்தானே? ஆனால் அவளுக்கு முப்பத்தைந்துதான் என்று எனக்குத் தெரியும். கிரீடத்தை வைத்துக்கொண்டு அவள் முகம் சிவந்தபோதே தெரியும். தெரிந்துகொண்டேதான் பட்டனை அழுத்தினேன்.

ஒரு வாரம் கழித்துக் கொரீன் என் அறைக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். கோட்டைக் கூடக் கழற்றவில்லை.

"கவுன்சில்ல என் மனுவை நிறுத்தி வச்சுட்டாங்க லோர்னா. வயசுக்கு அத்தாட்சி வேணுமாம், ஒரிஜினல். பாஸ்போர்ட் எனக்குக் கெடையாது. லைசென்ஸ் கெடையாது. பிறந்த சர்டிபிகேட்ல வேற பேரு, கல்யாணம் பண்ணி மாத்தின பேரை நான் திரும்ப மாத்தவே இல்ல. அந்தக் கல்யாணப் பேப்பர் அவன்கிட்ட இருக்கு, அவன் எந்த ஊர்ல இருக்கான்னு கடவுளுக்குத்தான் தெரியும்."

"புதுசா வாங்கிக்கலாமே" என்றேன். என் குரல் எனக்கே இனிப்பாகக் கேட்டது.

"எழுதிப் போட்டிருக்கேன். கிறிஸ்துமஸ் கூட்டம் வேற. அந்தம்மா அதுவரைக்கும் காத்திருப்பாங்களா?" என்று சொல்லிவிட்டு என் தோளில் சாய்ந்து அழுதாள். நான் அவள் முதுகைத் தடவிக் கொடுத்தேன். அவள் தலையின் வகிட்டில், சிவப்புக்கு அடியில் நரை தெரிந்தது. கடையில் வாங்கிப் பூசிய சிவப்பு. இத்தனை நாள் அதைப் பார்த்தும் நான் பொறாமைப்பட்டிருக்கிறேன். கொஞ்சம் பாவமாக இருந்தது. அந்தப் பாவத்துக்குப் பக்கத்திலேயே, ஜனவரி ஒன்பதுக்கு இன்னும் எத்தனை நாள் என்றும் எண்ணினேன்.

மிஸஸ் என்ட்விசில் டிசம்பர் நடுவில் என்னைத் தெருவில் நிறுத்தினாள். "அந்தச் செவத்தத் தலைக்காரி பேப்பர் வருது வருதுங்கிறா, ஒண்ணும் வரலை. இதுக்கு நீயே பரவாயில்லை போலிருக்கு. உனக்கு எப்ப ஆகுதுன்னு சொன்னே?"

"ஜனவரி ஒம்பது, மிஸஸ் என்ட்விசில். அதுக்கு அடுத்த திங்கக்கெழமை பதிமூணாம் தேதியிலேர்ந்து கிடைக்கும்."

"உன் பேப்பரெல்லாம் ஒழுங்கா இருக்குல்ல?"

"எல்லாம் கவுன்சில்லயே இருக்குங்க. ரெண்டு வருஷமா அவங்ககிட்டதான் வாங்குறேன்."

"அப்ப எடுத்துக்கோ, கண்ணு" என்றாள்.

கொரீனிடம் நானே சொன்னேன். சமையலறையில் வைத்து, கெட்டில் கொதிக்கிற சத்தத்தில் சொன்னேன். அவள் போய் அந்த மஞ்சள் திரையை எடுத்து வந்து மேஜைமேல் வைத்தாள். "அந்த ஜன்னலோட அளவுக்கு வெட்டித் தைச்சுட்டேன். வேற எதுக்கும் உதவாது. நீயே போட்டுக்கோ" என்றாள். அவளுடைய சர்டிபிகேட்டுகள் ஜனவரி இரண்டாம் தேதி தபாலில் வந்தன. எல்லாம் சரியாக இருந்தது. கவுன்சிலும் சரி என்று சொல்லிவிட்டது. உதவி உண்டு, ஃப்ளாட்தான் இல்லை. அதன் பிறகு அவள் பேப்பர் கடை ஜன்னலில் அட்டை அட்டையாகப் படித்துக்கொண்டு நிற்பதைப் பள்ளிக்கூடத்திலிருந்து வரும்போது பார்ப்பேன்.

ஜனவரி ஒன்பது வந்தது. வியாழக்கிழமை. மதியம் வேலை முடிந்து வந்தேன். என் கோட்டுப் பையில் புதுச் சாவி இருந்தது. மிஸஸ் என்ட்விசில் முன்கூட்டியே கொடுத்துவிட்டாள். சமையலறையில் காகிதக் கிரீடத்தோடு டெஸ்மண்ட் காத்திருந்தான். என் தலையில் வைத்து அழுத்தினான்.

"வாங்க மகாராணி! இனிமே காலைல ஷவர் முழுக்க எங்களுக்கு. சீக்கிரம் போய்த் தொலை, தாயே!"

கொரீன் கேக்கைத் தூக்கிக்கொண்டு வந்தாள். வழக்கத்தை விடாமல் எனக்காக அடுப்பில் நின்றிருக்கிறாளே என்று நினைத்தேன். பெரிய ஜாம் கேக், மேலே வட்டம் வட்டமாக எரியும் மெழுகுவத்திகள். என் எதிரே வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

டெஸ்மண்ட் விரலை நீட்டி எண்ணத் தொடங்கினான். ஹெதருக்கும் அவன்தான் எண்ணினான், அது அவன் வேலை. முடித்துவிட்டு நெற்றியைச் சுருக்கினான்.

"ஏய் கொரீன், நாலு குறையுது. முப்பத்தொண்ணுதான் இருக்கு. டப்பா தீந்துடுச்சா?"

"எண்ணித்தான் வச்சேன்" என்றாள் கொரீன்.

அவள் குரலில் கோபம் இல்லை. அவள் என்னைப் பார்த்துத்தான் சொன்னாள், மெதுவாக, சிப்ஸ் பொட்டலத்தை நடுவில் வைத்துக்கொண்டு பேசிய அதே குரலில்.

"நேத்துக் கவுன்சிலுக்குப் போயிருந்தேன். மனுவை ஏன் அப்படி நிறுத்தினீங்கன்னு கேட்டேன். யார் சொன்னாங்கன்னு சொல்ல மாட்டேன்னுட்டா அந்தப் பொண்ணு. ஆனா 'உங்களுக்கு முப்பத்தொண்ணுதான்னு தகவல் வந்துச்சு'ன்னு சொல்லிட்டா." தலையால் டெஸ்மண்டைக் காட்டினாள். "டெஸ்மண்டுக்கு நான் இருபத்தொம்பது. கேரவன் விடுதியில முப்பத்திமூணு. முப்பத்தொண்ணுன்னு நான் ஒரே ஒருத்திகிட்டதான் சொல்லியிருக்கேன்."

டெஸ்மண்டின் நீட்டிய விரல் அப்படியே நின்றது. அவன் என்னைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், பிறகு தரையைப் பார்த்தான். கிரீடம் நெற்றியில் அரித்தது. மெழுகு உருகி ஜாம் மேல் சொட்டிக்கொண்டிருந்தது.

"ஊது, லோர்னா" என்றாள் கொரீன். "கேக் கெட்டுடும்."

ஊதினேன். முப்பத்தொன்றும் ஒரே மூச்சில் அணைந்தன. கொரீன் கத்தியை எடுத்து எனக்கு ஒரு துண்டு வெட்டி, தட்டில் வைத்து நீட்டினாள். தனக்கு வெட்டிக்கொள்ளவில்லை. மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பதிமூன்றாம் தேதி குடிவந்தேன். ஒரு சூட்கேஸ், மூன்று அட்டைப்பெட்டி. டெஸ்மண்ட் ஒரு நடை வந்து பெட்டிகளைப் படிக்கட்டில் வைத்துவிட்டு, டீ வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனான். மஞ்சள் திரையை மாட்டினேன். ஜன்னலுக்கு ஒரு அங்குலம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அவ்வளவு பார்த்துப் பார்த்துத் தைத்திருந்தாள்.

அன்று மதியம் பள்ளிக்கூட வேலைக்கு லீவு போட்டிருந்தேன். தொட்டியை விளிம்பு வரைக்கும் நிரப்பி, அதில் இறங்கிப் படுத்தேன். ஜன்னலுக்கு வெளியே கடல் வடிந்து மணல் வெகுதூரத்துக்குக் கிடந்தது. மூன்று நிமிஷம் ஆனபோது என்னை அறியாமலே தலையைத் தூக்கி, "இதோ வந்துட்டேன்" என்றேன்.

காது கொடுத்துக் கேட்டேன். தண்ணீர் ஆறியது, நன்றாகவே ஆறிப்போனது, எனக்குக் குளிர ஆரம்பித்தது. அப்போதும் எழுந்திருக்காமல் கதவையே பார்த்துக்கொண்டு கிடந்தேன். யாரும் தட்டவில்லை.